வீசிய பனியன்கள்

ஜனவரி 3, வெள்ளி

சுண்டைக்கா, உன் ஓட்டக்காரர்கள் இன்றைக்கு வீட்டுக்கு வந்தார்கள். நிரஞ்சனும் ஷெரினும். அந்தப் பெண் வாசலிலேயே ஷூவைக் கழற்றிவிட்டாள். அவன் கழற்றவில்லை. அப்போதுதான் தரையைத் துடைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். அவன் நடந்த இடமெல்லாம் பல் பல்லாக அச்சு விழுந்தது. சாமி படத்துக்கு முன்னால், உன் படத்துக்கு முன்னால், எல்லா இடத்திலும்.

போன வருசம் நீ ஓடின அதே கோத்தகிரி ஓட்டத்தை இந்த வருசமும் வைக்கிறார்களாம். அரை மாரத்தான். இருபத்தோரு கிலோமீட்டர். இந்தத் தடவை உன் பேரில்.

“மோகனப்பிரியா நினைவு ஓட்டம்னே பேர் வச்சுட்டோம்மா. நீங்கதான் கொடி அசைச்சுத் தொடங்கி வைக்கணும்,” என்றான் நிரஞ்சன். “சனி, ஞாயிறு ரெண்டு நாள். ரூம் நல்லா இருக்கும். இருபத்து நாலு மணி நேரமும் வெந்நீர் வரும்.”

பிள்ளை செத்த வீட்டுக்கு வந்து வெந்நீரைப் பற்றிப் பேசுகிறான். காபி கொடுத்தேன். பாதியை வைத்துவிட்டான். சர்க்கரை சேர்த்துக்கொள்ள மாட்டானாம், ஓட்டத்துக்கு ஆகாதாம். அந்த மிச்சக் காபியில் ஈ விழுந்து கிடந்ததை அவர்கள் போன பிறகுதான் பார்த்தேன்.

கிளம்பும்போது மறுபடி அதையே சொன்னான். “கடைசி வரைக்கும் நாங்க எல்லாரும் அவ கூடவேதான் இருந்தோம்மா. உற்சாகப்படுத்திக்கிட்டே இருந்தோம்.”

ஆஸ்பத்திரி வாசலிலும் இதையேதான் சொன்னான். ஒரு வருசமாக அந்த ஒரு பேச்சைப் பிடித்துக்கொண்டுதான் கிடக்கிறேன். என் பிள்ளை தனியாகச் சாகவில்லை, நாலு பேர் கூட இருந்தார்கள் என்று. ஆனால் எப்படிக் கூட இருந்தார்கள் என்று ஒருத்தரும் சொன்னதில்லை. விழும்போது தாங்கியது யார்? உன் தலை யார் மடியில் இருந்தது? அதைக் கேட்கத்தான் வருகிறேன், உன் கொடியை நீயே ஆட்டிக்கொள் என்று சொன்னேன். மனசுக்குள்தான். வாயில் “சரிங்க தம்பி” என்று வந்தது.

ஜனவரி 6, திங்கள்

கம்பெனியில் இன்றைக்குப் பூராவும் குழந்தைப் பனியன். பிசிறு வெட்டி வெட்டிக் கட்டைவிரல் மரத்துவிட்டது. மத்தியானம் ஜோதிமணியக்கா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

“ஏஞ் சாந்தாமணி, வருசம் திரும்பறதுக்குள்ள மலை ஏறப் போறயாமா? எழவு வீட்டுக்காரங்க மலை ஏறுவாங்களா?”

“அது சாமி இருக்கற மலைக்குத்தானுங்க்கா.”

“எந்த மலையில சாமி இல்லீங்கற? நீ ஏறுனா ஏறு. அப்பறம் ஒண்ணுன்னா எங்கிட்ட வராத.”

இதற்கு மேல் எனக்கு என்ன ஒண்ணு வரப்போகிறது? கேட்கவில்லை. அவளே கொஞ்ச நேரத்தில் கண்ணைக் கசக்க ஆரம்பித்தாள். “இதே செக்கிங் மேசைக்கடியில தவழ்ந்த புள்ள. நீ அந்தக் கோடியில நின்னுக்குவ, நாங்க இந்தப் பக்கம் புடிச்சு நிறுத்துவோம். பொத்து பொத்துன்னு உழுகும். நீ கையத் தட்டுனாப் போதும், மறுக்கா எந்திரிச்சுத் தத்தக்கா பித்தக்கான்னு வந்துரும். ஒருநாளு மூக்குல ரத்தம் வந்தும் நிக்கலியே!”

போண்டா தின்ற எண்ணெய்க் கையால் என் தலையைத் தடவினாள். வாயோரத்தில் வெங்காயம் ஒட்டியிருந்தது. வாயில் தீனியை வைத்துக்கொண்டு அழுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு உமட்டுகிறது. எழுந்து போய்த் தண்ணீர்க் குழாயில் தலையை நனைத்துக்கொண்டேன்.

ஜனவரி 8, புதன்

குரங்குக் குல்லா வாங்கினேன். போட்டுப் பார்த்தேன். என்னையே எனக்குச் சகிக்கவில்லை.

ஜனவரி 9, வியாழன்

ஆஸ்பத்திரியில் கொடுத்த பையை இன்றைக்குத் திறந்தேன். செல்போன், கடிகாரம், கம்மல், ஷூ. ஷூவுக்குள் இன்னும் உன் கால் நாற்றம் இருக்கிறது. மூக்கை வைத்து இழுத்தேன். என்ன பிறவியோ நான்.

உன் அரக்குக் கலர் ஸ்வெட்டர் மட்டும் இல்லை. நீ கிளம்புகிற அன்றைக்கு நான்தான் வம்பாக மாட்டிவிட்டேன். “ஓடறப்ப வேர்த்துக் கொட்டும்மா” என்றாய். “மேல போற வரைக்கும் போட்டுக்க” என்றேன். நடுப்பொத்தான் தொலைந்த இடத்தில் உன் அப்பாவின் பழைய சட்டையிலிருந்து கறுப்புப் பொத்தானைப் பிய்த்துத் தைத்திருந்தேன். அவர் போய்ப் பத்து வருசம் கழித்து அதற்காவது உதவினார் என்று நீ சிரித்தாய்.

நான் பார்த்தபோது உன் கை பச்சைத் தண்ணீர் மாதிரி இருந்தது. அந்தக் குளிரில் செத்தவள் மேலிருந்து ஸ்வெட்டரை உருவுகிற ஆள் எப்படிப்பட்ட ஆளாக இருக்கும்? அந்தக் கையைப் புழு தின்ன.

ஜனவரி 11, சனி

கோத்தகிரி. ஓட்டல் ரூமில் உட்கார்ந்து எழுதுகிறேன். கட்டில் விரிப்பு வெள்ளை வெளேரென்று இருக்கிறது. உன்னைப் போர்த்திய துணி ஞாபகம் வருகிறது. அதைச் சுருட்டி மூலையில் போட்டுவிட்டேன்.

காலையில் வேனில் வந்தோம். ஏறியதிலிருந்து மருந்து நாற்றம். ஆளாளுக்கு முழங்காலில் சுஸ் சுஸ்ஸென்று எதையோ அடித்துக்கொண்டார்கள். பாட்டுப் போட்டார்கள். யாரோ என்னைக் காட்டி ஜாடை செய்ய, நிறுத்தினார்கள். ரெண்டு வளைவு தாண்டியதும் மறந்துபோய் மறுபடி போட்டார்கள். ஒரு பெண் கவரில் வாந்தி எடுத்து, முடிச்சுப் போட்டு, ஜன்னல் வழியாகத் தேயிலைச் செடி மேல் வீசினாள். “வெரிகுட் த்ரோ!” என்று ஒருத்தன் கத்தினான். எல்லோரும் சிரித்தார்கள். ஷெரின் மட்டும் சிரிக்கவில்லை. அவளுக்குக் கணுக்கால் வீங்கியிருக்கிறது, ஓடப்போவதில்லை. என்னைப் பார்த்துக்கொள்கிற வேலை அவளுக்கு.

சாயங்காலமே சாப்பாடு. தட்டில் வெள்ளையாக எதையோ மலை மாதிரிக் குவித்துக்கொண்டு தின்றார்கள். “நாளைக்கு ஓடறதுக்கு இன்னைக்கே டேங்கை ஃபுல் பண்றோம் ஆன்ட்டி” என்றான் ஒரு தாடிக்காரன். பார்க்கவே அருவருப்பாக இருந்தது. அப்புறம் நானும் தயிர்சாதம் ரெண்டாந்தடவை வாங்கித் தின்றேன். வயிற்றுக்கு வெட்கம் கிடையாது.

அங்கேயே நிரஞ்சனிடம் கேட்டேன். “தம்பி, அவ உழுந்தப்பத் தாங்கிப் புடிச்சது யாருங்க?”

அவன் தட்டைப் பார்த்தான். “இப்ப வேண்டாம்மா. நீங்க போய் ரெஸ்ட் எடுங்க. காலைல சீக்கிரம் எழுந்திரிக்கணும்.”

“ஒரு பேருதானே? சொல்லிப்போட்டுச் சாப்புடுங்க.”

“எல்லாரும்தான்மா இருந்தோம்” என்று எழுந்து கை கழுவப் போய்விட்டான்.

பிறகு பனியன் கொடுத்தார்கள். நெஞ்சில் உன் மூஞ்சி. பருத்தி இல்லை, பாலியஸ்டர். கழுத்துத் தையல் இப்போதே இளித்துக்கொண்டிருக்கிறது. எங்கள் மேசைக்கு வந்திருந்தால் தூக்கி எறிந்திருப்பேன். படம் எதுவென்று பார்த்ததும் தெரிந்துவிட்டது. நீ வேலைக்குச் சேர்ந்த அன்றைக்கு நாம் ரெண்டு பேரும் சேர்ந்து எடுத்துக்கொண்டது. என்னை வெட்டிவிட்டார்கள். ஆனால் உன் தோளில் இருந்த என் கையை வெட்ட முடியவில்லை போலிருக்கிறது. மணிக்கட்டோடு அது மட்டும் உன் தோளில் தனியாக உட்கார்ந்திருக்கிறது. பல்லி மாதிரி.

ஜனவரி 12, ஞாயிறு

வீட்டுக்கு வந்துவிட்டேன். குளித்துவிட்டேன். நடந்ததை வரிசையாக எழுதப் பார்க்கிறேன்.

விடியும்போது கொண்டுபோய் நிறுத்தினார்கள். மூச்சு விட்டால் புகை வந்தது. கக்கூஸ் முன்னால் நீள வரிசை. பொறுக்க முடியாத ஆம்பிளைகள் தேயிலைக்குள் இறங்கி நின்று போய்க்கொண்டிருந்தார்கள். அந்த இலையைத்தான் நாம் குடிக்கிறோம். ரோடு பூராவும் காறிக் காறித் துப்பியிருந்தார்கள். கால் வைக்க இடம் பார்த்து நடந்தேன்.

எல்லோரும் தங்கள் உடுப்புக்கு மேல் உன் பனியனைப் போட்டிருந்தார்கள். எந்தப் பக்கம் திரும்பினாலும் நீ சிரித்தாய். எனக்கே ஒரு நொடி மனசு நிறைந்துவிட்டது. அதை எழுதாமல் விட்டால் பொய். நிரஞ்சன் மைக்கைப் பிடித்து ஒரு நிமிச மவுனம் என்றான். மவுனத்திலேயே ஒருத்தன் காலைப் பின்னால் மடக்கி இழுத்துக்கொண்டிருந்தான். யாருடைய கடிகாரமோ கீச் கீச்சென்றது. கொடியைக் கொடுத்தார்கள், அசைத்தேன். ஓவென்று கத்திக்கொண்டு ஓடினார்கள்.

எனக்கு ஒரு நாற்காலி போட்டு, முதல் ஆள் திரும்பி வர ரொம்ப நேரமாகும் என்றார்கள். போன வழியிலேயே திரும்பி வருகிற ஓட்டம் அது. நான் உட்காரவில்லை. அவர்கள் போன வழியில் நடந்தேன். ஷெரின் நொண்டிக்கொண்டே பின்னால் வந்தாள். “அவ விழுந்த எடம் எங்கன்னு எனக்குச் சரியாத் தெரியாது ஆன்ட்டி. நான் அன்னைக்கு ரொம்பப் பின்னாடி இருந்தேன்” என்றாள்.

முதல் வளைவில் ஒரு பனியன் தேயிலைச் செடி மேல் கிடந்தது. யாரோ தவறவிட்டார்கள் என்று நினைத்து எடுத்து மடித்து வைத்துக்கொண்டேன். பத்தடி தள்ளி இன்னொன்று. சாக்கடையில் ஒன்று, பாதி நனைந்து. அப்புறம் ரோடு முழுக்க. பேப்பர் டம்ளர், வாழைப்பழத் தோல், பிதுக்கிப் போட்ட பிசுபிசு பாக்கெட்டுகள், நடுவில் நடுவில் நீ. ஒன்றைத் திருப்பினேன். ஓடிய கூட்டம் அதன் மேலேயே மிதித்துப் போயிருந்தது. பல் பல்லாக அச்சு. என் வீட்டுத் தரையில் விழுந்த அதே அச்சு உன் கன்னத்தில். இன்னொன்றில் யாரோ மூக்குச் சிந்தியிருந்தார்கள். உன் வாய்க்கு நேராக.

“என்ன கண்ணு இது?” என்றேன்.

ஷெரின் தலையைக் குனிந்துகொண்டாள். “குளிர்ல ஓடறப்ப அது வழக்கம் ஆன்ட்டி. ஆரம்பத்துல நடுங்காம இருக்க மேல ஒண்ணு போட்டுக்குவாங்க. உடம்பு சூடானதும் கழட்டி வீசிருவாங்க. நின்னு மடிச்சு வச்சா டைம் போயிரும்ல.”

“அப்ப, வீசறதுக்குன்னே அடிச்சதா?”

“யாரும் அப்படி யோசிக்கல ஆன்ட்டி. மேல போட ஒண்ணு வேணும், அதுல மோகனா இருந்தா நல்லாருக்கும்னு…”

ஒவ்வொன்றாகப் பொறுக்கினேன். சேலை முந்தானையை விரித்துக் கட்டிக்கொண்டேன். சளி பட்டது, சேறு பட்டது எல்லாவற்றையும். ஷெரினும் பொறுக்கினாள். அழுதுகொண்டே பொறுக்கினாள். அழாதே என்று நான் சொல்லவில்லை.

ஒரு பெரிய வளைவில் டீ விற்கிற வண்டி நின்றது. பக்கத்தில் ஒரு பெண்பிள்ளை குனிந்து பனியன்களைச் சாக்கில் போட்டுக்கொண்டிருந்தாள். நான் ஒரு பனியனைப் பிடிக்க, அவளும் அதையே பிடித்தாள்.

“விடும்மா. ரோட்டுல கெடக்கறது. வருசா வருசம் நாங்கதான் எடுப்போம். அலசி வெயில்ல போட்டா எஸ்டேட் லைன் வீட்டுப் புள்ளைங்களுக்கு ஆகும்.”

“ஆகுமா? இது என்ற புள்ளை! விடு!”

அவள் பனியனைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். விட்டுவிட்டாள். “இந்தப் பாப்பாவோட அம்மாவா நீங்க?” என்றாள்.

அப்போதுதான் அவள் போட்டிருந்த ஸ்வெட்டரைப் பார்த்தேன். அரக்குக் கலர். நடுவில் கறுப்புப் பொத்தான்.

அறைந்திருப்பேன், சுண்டைக்கா. கையைத் தூக்கிவிட்டேன். ஷெரின் பிடித்துக்கொண்டாள். அந்தப் பெண்பிள்ளை நகரவில்லை. பேர் சிவகாமி. தேயிலை எடுக்கப் போகிறவள், ஞாயிற்றுக்கிழமை டீ விற்கிறாள். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

“போன வருசம் ஓடிப் போறப்ப இத என் வண்டி மேல போட்டுட்டு, அக்கா, திரும்பி வர்றப்ப வாங்கிக்கறேன், எங்கம்மா திட்டுவாங்கன்னு சிரிச்சுட்டுப் போச்சு. திரும்பி வர்றப்ப சிரிப்பு இல்ல. இந்தக் கல்லுல உக்காந்திருச்சு. நெஞ்ச இப்பிடிப் புடிச்சுக்கிட்டு, முடியலக்கா, மூச்சு முட்டுதுன்னுச்சு. மேலெல்லாம் சில்லுனு வேர்வை. நான்தான் ஸ்வெட்டரப் போத்திவிட்டேன். டீ ஆத்திக் குடுத்தேன். ஒரு வாய் குடிச்சுச்சு.”

“அப்ப அவங்க யாரும் கூட இல்லியா?”

“வந்தாங்களே. பின்னாலயே கூட்டமா வந்தாங்க. அவங்க ஆளுங்கதான், ஒரே கலர் சட்டை. இதப் பாத்ததும் எல்லாரும் கையத் தட்டுனாங்க. எந்திரி மோகனா, எந்திரி மோகனா, இன்னும் கொஞ்சந்தான்னு. நிக்கவே இல்ல, ஓடிக்கிட்டே தட்டுனாங்க. நான் வேணாம் பாப்பா, உக்காருன்னேன். கேக்கல. ஸ்வெட்டரக் கழட்டி என் கையில குடுத்துட்டு எந்திரிச்சு ஓடுச்சு. அந்தா, அந்த மரம் தெரியுதில்ல, அது வரைக்கும்தான். நான் ஓடிப்போறதுக்குள்ள குப்புற விழுந்து கெடந்துச்சு. ஆம்புலன்ஸ் வர்ற வரைக்கும் மடியில வச்சிருந்தேன்.”

சாக்கைக் கீழே வைத்துவிட்டு, “கண்ணு தொறந்துதான் இருந்துச்சு. நான்தான் மூடுனேன்” என்றாள். ஸ்வெட்டரின் பொத்தானைக் கழற்ற ஆரம்பித்தாள். வேண்டாம் என்றேன். குளிரில் அவள் கை வெடித்து ரத்தம் கட்டியிருந்தது. அந்தக் கைதான். அதைத்தான் புழு தின்ன என்று எழுதினேன்.

“போட்டுக்கங்க அம்மிணி. அவ உங்க கையிலதானே குடுத்தா,” என்றேன்.

அவள் தன் சாக்கிலிருந்த பனியன்களை எல்லாம் எனக்கே கொட்டிக் கொடுத்தாள்.

திரும்பி வந்தபோது நிறையப் பேர் ஓடி முடித்திருந்தார்கள். என்னைத் தேடியிருக்கிறார்கள், மெடல் மாட்டிவிட ஆள் இல்லையாம். நிரஞ்சன் அப்போதுதான் வந்து சேர்ந்தான். ரெண்டு கையையும் தூக்கினான். கடிகாரத்தைப் பார்த்தான். “என்னோட பெஸ்ட் டைம்மா! மோகனாவுக்காக!” என்று என் முன்னால் தலையைக் குனிந்தான். அவன் மேல் உன் பனியன் இல்லை. பிடரியில் வேர்வை ஓடி நாறியது.

“எந்திரின்னு கையத் தட்டுனது நீங்கதானா தம்பி?” என்றேன்.

குனிந்தவன் நிமிரவில்லை. “யாரு சொன்னா?”

“தட்டுனீங்களா, இல்லியா?”

“மோட்டிவேட் பண்ணினோம்மா. எல்லாருக்கும் பண்றதுதான். என் முதல் ஓட்டத்துல எனக்கும் அப்படித்தான் தட்டினாங்க, அதனாலதான் நான் முடிச்சேன். அவ டயர்டா இருக்கான்னுதான் நினைச்சோம். முடியலன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நின்னிருப்போம்மா.”

“சொன்னா. டீக்காரம்மாகிட்டச் சொல்லியிருக்கா. நின்னு கேட்டவகிட்டத்தானே சொல்ல முடியும்? சரி, உழுந்தப்ப எங்க இருந்தீங்க?”

“முன்னாடி வந்துட்டோம்மா. பின்னாடியே வர்றான்னு நினைச்சோம். இங்கதான் நின்னுக்கிட்டிருந்தோம். அவ வந்ததும் கை தட்டணும்னு எல்லாரும் காத்துக்கிட்டு…”

அவனுக்கு அழுகை வந்துவிட்டது. மூக்கு ஒழுகியது. துடைக்க எதையாவது தேடினான். என் முந்தானை மூட்டையில் பனியன்கள் இருந்தன. ஒன்றும் கொடுக்கவில்லை. மெடலை அவன் கையில் திணித்தேன். கை வழவழவென்றிருந்தது. என் கையைச் சேலையில் அழுந்தத் துடைத்துக்கொண்டேன்.

கடைசி ஆள் வந்தார். வயசானவர், கனத்த உடம்பு, முகம் வெளுத்திருந்தது. வாயோரத்தில் நுரை. தள்ளாடித் தள்ளாடி வந்தார். எல்லோரும் இரண்டு பக்கமும் வரிசையாக நின்று கை தட்டினார்கள். கமான் சார், கமான் சார். சத்தம் காதை அடைத்தது. எனக்குப் பக்கத்திலும் யாரோ பலமாகத் தட்டுகிறார்கள் என்று திரும்பினேன். ஒருவரும் இல்லை. என் கைதான்.

எப்போது தட்ட ஆரம்பித்ததோ, சனியன்.

எனக்குப் போட்ட நாற்காலியைத் தூக்கிக்கொண்டு ஓடிப்போய் அவர் முன்னால் வைத்தேன். “உக்காருங்க சாமி. போதும், உக்காருங்க.”

“தள்ளுங்கம்மா அந்தப் பக்கம்!” என்று எரிந்து விழுந்தார். நாற்காலியைச் சுற்றிக்கொண்டு ஓடிப்போய்க் கோட்டைத் தாண்டினார். ஓரமாகக் குனிந்து வாந்தி எடுத்தார். நிமிர்ந்து, ரெண்டு விரலைக் காட்டிச் சிரித்துப் படம் எடுத்துக்கொண்டார். இன்னும் பலமாகத் தட்டினார்கள்.

வேனில் ஒருத்தரும் பாட்டுப் போடவில்லை.

ஜனவரி 13, திங்கள்

இன்றைக்குப் போகி. அடுத்த வீடுகளில் கூரையில் வேப்பிலையும் பூளைப்பூவும் செருகிக் காப்புக் கட்டுகிறார்கள். நமக்கு இந்த வருசமும் பொங்கல் இல்லை. வேலைக்குப் போகவில்லை. ஜோதிமணியக்கா எட்டிப் பார்த்தாள். “இத்தன பனியனா? அதுங்க மேல கண்டவங்க வேர்வையும் பட்டுக் கெடக்குது. வாசல்ல போட்டுக் கொளுத்து, போகியும் அதுவுமா” என்றாள்.

“உங்க மூஞ்சி இருந்தாக் கொளுத்தறனுங்க்கா” என்றேன். போய்விட்டாள்.

எல்லாவற்றையும் ஊறப் போட்டேன். தண்ணீர் மூன்று தடவை கறுப்பாக வந்தது. சளி போய்விட்டது, சேறு போய்விட்டது. ஷூ அச்சு மட்டும் சிலதில் போகவில்லை, அச்சுக்கு மேல் அச்சாக ஏறிவிட்டது. பிரஷ் போட்டால் உன் கன்னம் உரியும் என்று கையாலேயே கசக்கினேன். துணிக்கொடி போதவில்லை. பக்கத்து வீட்டு ஜன்னல் கம்பியிலிருந்து நம் வேப்பமரம் வரைக்கும் நூல் கயிறு கட்டினேன்.

இப்போது வாசல் முழுக்க நீ காய்கிறாய். காற்றடிக்கும்போது எல்லாம் சேர்ந்து படபடவென்று அடித்துக்கொள்கிறது. அந்தச் சத்தமும் எனக்குப் பிடிக்கவில்லை. அதுவும் கை தட்டுகிற மாதிரியே இருக்கிறது. ஒவ்வொன்றிலும் உன் தோளில் அந்தக் கை. உன்னைப் பிடித்து உட்கார வைக்கிறதா, முன்னால் தள்ளுகிறதா என்று எவ்வளவு நேரம் பார்த்தாலும் தெரியவில்லை.

மூச்சு முட்டுகிறது என்று வாயால் சொன்னாய். ஒருத்தி உட்காரச் சொன்னாள், டீ ஆற்றிக் கொடுத்தாள், போர்த்திவிட்டாள். அதை எல்லாம் விட்டுவிட்டு எழுந்து ஓடியிருக்கிறாய்.

சுண்டைக்கா, உழுந்து கெடந்தாலும், கை தட்டற சத்தம் கேட்டா எந்திரிச்சு வந்தரோணும்னு உனக்கு யாருடி சொல்லிக் குடுத்தது?